சேர்மக்கனியின் நாற்றுக்கு வந்த மேகம்

ஆனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையில், காலை பத்து மணிவாக்கில், வெள்ளளம் உப்பளத் தொழிலாளர் காலனியின் இரண்டாவது பிளாக் மொட்டை மாடிக்கு ஒரு மேகம் வந்து சேர்ந்தது. பெரிய மேகம் என்று சொல்ல முடியாது, கல்யாண வீட்டில் விரிக்கிற ஜமுக்காளம் அளவுதான் இருக்கும். கடல் பக்கமிருந்து தாழ வந்து, மூன்று பிளாக்குகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சேர்மக்கனி வரிசையாக வைத்திருந்த நாற்பத்தொரு நாற்றுத் தொட்டிகளுக்கு நேர் மேலே, கையைத் தூக்கினால் எட்டிவிடலாம் போன்ற உயரத்தில் நின்று, அந்தத் தொட்டிகளின் மேல் மட்டும் அரை மணி நேரம் பெய்தது, பெய்து முடித்த பிறகும் போகாமல் அங்கேயே நின்றது. அளத்தில் காலை வேலை முடித்துத் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அதைப் பார்த்தாள். துணிகளைக் கொடியின் மறுகோடிக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, படியிறங்கி வந்து சேர்மக்கனியின் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி கனி, ஒன் செடிக்கு மேல மேகம் ஒண்ணு வந்து நிக்கு. என்ன வேணும்னு கேளு."

"பெய்ஞ்சிட்டாக்கா?"

"நல்லாவே பெய்ஞ்சிட்டு."

"அய்யோ, இன்னிக்குத் தண்ணி நாளே இல்லியே" என்று சொல்லிக்கொண்டு சேர்மக்கனி மாடிக்கு ஓடினாள்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. பதினைந்து வயதில் அளத்துக்குப் போனவள், இருபத்தொன்பது வருஷம் உப்பு வாரினாள். வெயிலில் பாத்தி அடிக்கிற கண்ணாடி வெளிச்சம் அத்தனை வருஷமும் கண்ணுக்குள் இறங்கி இறங்கி, எதிரே நிற்கிற ஆளின் முகம் புகைக்குப் பின்னால் இருப்பதுபோலத்தான் இப்போது தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் அளத்துக்குப் போனால் மிச்சமிருக்கிறதும் போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அவள் வாருபலகையைக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் சாத்திவிட்டு வந்துவிட்டாள். லாரியில் மூட்டை ஏற்றுகிற அவள் புருஷன் பொன்னுலிங்கம், அதிகம் பேசாதவன், "வீட்ல இரி" என்றான். வீட்டில் இருக்க அவளுக்குத் தெரியாது. தேரிக்காட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தக்காளி நாற்றுக்கும் கத்தரி நாற்றுக்கும் மூன்று பஸ் மாறிப் போய் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாற்றுப் போட்டு விற்கப் போகிறேன் என்று சொன்னாள். எருக்கஞ்செடிகூட யோசித்து முளைக்கிற உப்புமண் ஊரில் நாற்றா என்று காலனியே சிரித்தது. சிரிக்கட்டும் என்று அவள் தேரியிலிருந்து செம்மண்ணும் கயிற்றுப் பேட்டையிலிருந்து நார்க்கழிவும் மூட்டையாகக் கொண்டுவந்து, பெயிண்ட் வாளி, பாதியாக அறுத்த தண்ணீர் கேன், எண்ணெய் டின், மீன் பேக் பண்ணுகிற தெர்மாகோல் பெட்டி என்று கிடைத்ததில் எல்லாம் நிரப்பி விதை போட்டாள்.

முதல் ஈட்டை, முதல் தடவை போட்ட நாற்று முழுவதையும், அவளே கொன்றாள். வெள்ளளத்தில் கிணறு கிடையாது, போர் போட்டால் கடல் வரும், கம்பெனி லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து வீட்டுக்கு ஆறு குடம் ஊற்றிவிட்டுப் போகும்; அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்குப் பாசம் என்றால் தண்ணீர்தான். குளிக்க வைத்திருந்ததை ஊற்றினாள், குடிக்க வைத்திருந்ததை ஊற்றினாள், காலையும் மத்தியானமும் சாயங்காலமும் ஊற்றினாள். இலை மஞ்சளடித்ததும், பாவம் தாகம் என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள். ஒரு வாரத்தில் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுத்து, நூலாக மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஒன்றைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். வேர் பழுப்பாகக் கொழகொழத்து, சாக்கடை நாற்றம் நாறியது. தண்ணியில்லாமல் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியபோது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது ஈட்டுக்கு அவள் வேறு ஆளாக இருந்தாள். ஸ்குரூ டிரைவரைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஓட்டை போட்டாள், தண்ணீர் தேங்காமலிருக்கச் செங்கல் துண்டுமேல் தூக்கி வைத்தாள், மண்ணோடு மணலும் நார்க்கழிவும் கூட்டிக் கலந்தாள். கண் தெரியாததற்கு விரல் இருந்தது: ஆட்காட்டி விரலை முதல் கணுமட்டும் மண்ணுக்குள் விடுவாள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பாள், கனத்தால் கிடையாது, லேசானால்தான் உண்டு, அதுவும் காலையில் மட்டும், அதுவும் அடியில் ஒரு தட்டு வைத்து, வேர் தானாகக் குடிக்கும்படி. "இப்படிப் பட்டினி போடுதியே" என்று லூர்தம்மாள் கேட்டதற்கு, "குடிச்ச தண்ணி தீரட்டும்க்கா, தீந்தாத்தான வேரு தேடிப் போவும்" என்றாள். நாற்பத்தொரு தொட்டியிலும் நாற்று நிமிர்ந்து நின்றது. மூன்றாவது இலை விட்ட சமயத்தில்தான் மேகம் வந்தது.

அது ஒரு நாளைக்கு மூன்று வேளை பெய்தது. முதல் நாள் லூர்தம்மாள் ஒரு வாளியைத் தொட்டிகளுக்கு நடுவே வைத்தாள், இரண்டாம் நாள் பிளாக்கே வைத்தது, நான்காம் நாள் மூன்று பிளாக்கும் குடங்களோடு படியில் வரிசை கட்டின. லாரித் தண்ணீரில் வேகாத பருப்பு வெந்தது. தலைக்குப் போட்ட சீயக்காய் தலையைவிட்டுப் போனது. சோப்பில் நுரை வருவதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அம்மன் கோயில் பூசாரி படிக்கட்டுக் கைப்பிடிக்கு மாலை போட்டார், மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் பண்ணினார், இரண்டு பேரையும் மேகம் ஒன்றுபோல நனைத்தது. அது ஆணா பெண்ணா என்று டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க முடியுமா என்று ஒருவர் தாலுகா ஆபீசில் கேட்டுவிட்டு, ஆதார் இல்லாமல் முடியாது என்று பதில் வாங்கிவந்தார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் தலைமேல் பையைப் பிடித்துக்கொண்டு எழுதிவிட்டுப் போனார். ஐப்பசியில் வைத்திருந்த கல்யாணம் ஒன்றை ஆடி பிறக்குமுன் முடித்துவிடலாம் என்று, இருநூறு பேருக்குச் சமைக்கத் தண்ணீர் இருக்கிற தைரியத்தில், முன்னுக்கு இழுத்தார்கள்.

சேர்மக்கனி ஒருத்திதான் அதோடு மல்லுக்கு நின்றாள். "போ. போ அந்தால. கேக்காம வந்து ஊத்துத" என்று துண்டை வீசி விரட்டினாள், மேகம் துண்டு படாத தூரத்துக்கு விலகி, அவள் கை ஓய்ந்ததும் திரும்ப வந்து பெய்தது. தார்ப்பாய் கட்டினாள், அது தன்னைத் தட்டையாக்கிக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து பெய்தது. தொட்டிகளை எல்லாம் வீட்டுக்குள் இறக்கினாள். அது படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியையும் நனைத்து, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, கட்டிலுக்கு மேலே நின்று பெய்தது. பொன்னுலிங்கம் டிவியை மட்டும் எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டு, குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். வாசலில் குடத்தோடு கூடிவிட்ட ஜனத்தின் முன்னால் சேர்மக்கனி தொட்டிகளைத் திரும்ப மாடிக்கே ஏற்றினாள். ஆக, மேகம் மாடிக்காக வரவில்லை, நாற்றுக்காக வந்திருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அது மேலே நின்றபோது ஒரு விஷயம் அவளுக்கு எரிச்சலோடு எரிச்சலாகப் பட்டது. கெட்ட எண்ணத்தில் அது பெய்யவில்லை. முதல் ஈட்டின்போது தான் செம்பும் கையுமாக நின்றதுபோலவே அது நிற்கிறது. அது தெரிந்ததனால் அவளுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது.

ஓட்டை போட்ட தொட்டியும் மூன்று வேளை மழையைத் தாங்காது. மண்ணின்மேல் பச்சைப் பாசி படர்ந்தது, சின்னச் சின்னக் கொசு பறந்தது, பத்தாம் நாள் எட்டுத் தொட்டியில் தண்டு கறுத்துச் சாய்ந்தது. எட்டுச் சாய்ந்த அன்று மேகத்தின் ஓரம் பிய்ந்து, அது கொஞ்சம் சிறுத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அதே வாரம் கம்பெனி லாரி வரவில்லை. காலனிச் சங்கத் தலைவர் தனுஷ்கோடி, அளத்தில் எடை போட்டு ரிட்டையர் ஆனவர், மேனேஜரைப் பார்க்கப் போனார். மேனேஜர் கிரிதரன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலேயே சொன்னார்: "ஒங்களுக்கு வானமே ஊத்துது. நாங்க எதுக்கு டீசல் செலவு பண்ணணும்?"

தனுஷ்கோடி திரும்பிவந்து, சாயங்காலமே மாடிப்படி அடியில் கூட்டம் போட்டார். அறுபது வீட்டுக்கும் இனி மேகம்தான், மேகத்துக்கு நாற்றுதான், ஆகவே நாற்று தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒருவர் ஒரு தொட்டி வைத்து வெந்தயமும் கொத்தமல்லியும் விதைத்துப் பார்த்திருந்தார்கள். மேகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சேர்மக்கனி கையால் போட்டதற்குத்தான் அது வந்தது.

"அதனால கனி, செத்தத எடுத்துப் போட்டுட்டு நீ திரும்பத் திரும்ப வெதைச்சுக்கிட்டே இரி. வெதை நாங்க வாங்கித் தாரோம்."

"எதுக்கு அண்ணாச்சி வெதைக்கணும்?"

"அது நனைக்கதுக்கு."

"நனைஞ்சு சாவதுக்கு."

"செடிதானம்மா."

சேர்மக்கனி படியில் எழுந்து நின்றாள். அவளுக்கு ஒரு முகமும் சரியாகத் தெரியவில்லை. குடங்களின் பளபளப்பு மட்டும் தெரிந்தது. "இருவத்தொம்பது வருசம் அடுத்தவன் அம்பாரத்துக்கு உப்பு வாரினேன், கண்ணு போச்சு. இது நான் போட்டது. வளக்கதுக்குத்தான் போட்டேன். சாவதுக்குன்னு ஒரு வெதைகூட என் கையால மண்ணுல விழாது."

"அப்ப எங்க பிள்ளைக தண்ணிக்கு எங்க போவும்?" என்று கூட்டத்திலிருந்து லூர்தம்மாள் கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சேர்மக்கனிக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் காலையில் மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குத் திறப்பது, பிடித்ததும் பூட்டுவது, சேர்மக்கனி விதை போட வந்தால் மட்டும் உள்ளே விடுவது என்று சங்கம் முடிவு பண்ணியிருந்தது. இரண்டு நாள் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடிந்து, அளத்துக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வருகிற நேரத்தில், பொன்னுலிங்கம் மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கியைக் கொண்டுவந்து, பூட்டில் மாட்டி, ஒரே இழுப்பில் இழுத்தான். பூட்டு படியில் உருண்டு போயிற்று. "வண்டி கீழ நிக்கு" என்றான். அந்த வாரம் அவன் பேசியது அவ்வளவுதான்.

மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் முப்பத்துமூன்று தொட்டிகளையும் அவர்கள் இறக்கி அடுக்கினார்கள். மேகம் மாடியைவிட்டு இறங்கி வண்டிக்கு மேலே வந்து நின்றது. தனுஷ்கோடி பனியனோடு ஓடிவந்து வண்டியை மறித்தார்.

"எங்கம்மா கொண்டு போற? அறுவது வீட்டுத் தண்ணி இது."

"அறுவது வீட்டுத் தண்ணிய நிறுத்தினது நான் இல்ல அண்ணாச்சி. நிறுத்தினவன் வாசலுக்குத்தான் கொண்டு போறேன். அவன் அம்பாரத்தச் சுத்தி வைக்கப் போறேன்."

 ஆனி மாதம் உப்பு வாரிக் குவிக்கிற மாதம். கம்பெனி முற்றத்தில் பனைமர உயரத்துக்குப் பதினோரு உப்பு அம்பாரங்கள் ஓலை வேயாமல் வெள்ளைவெளேரென்று திறந்து கிடந்தன. உப்பளத்துக்காரர்கள் பெற்ற பிள்ளைக்கு அஞ்சாவிட்டாலும் மழைக்கு அஞ்சுவார்கள். அம்பாரத்துக்கு மழையைக் கூட்டிக்கொண்டு போவது என்ற ஒன்றை அந்தக் காலனியில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

லூர்தம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "உப்பு கரைஞ்சிட்டுன்னா நமக்கு வேலை யாருட்டி தருவா?"

"கரைஞ்சா திரும்ப வெளையும்க்கா. வெளைஞ்சத வார நம்ம கை வேணும்லா? கை வேணும்னா அந்தக் கைக்குத் தண்ணி தரட்டும்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ வராண்டாம்க்கா. எனக்குப் போறதுக்கு வேலை இல்ல, ஒனக்கு இருக்கு."

லூர்தம்மாள் தூக்குச்சட்டியை வண்டியின் ஓரத்தில் தொட்டிகளுக்கு இடையே செருகி வைத்தாள். "எப்படியும் அந்த வழியாத்தான போவணும்" என்றாள். தனுஷ்கோடி விலகினார், வண்டி நகர்ந்தது. அளத்துக்குப் போகிற பெண்கள் வழக்கம்போலத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். வழக்கமாகப் போகிற அதே ரோடு, அதே நேரம், மேகம் மட்டும்தான் கூடுதல். தனுஷ்கோடி கொஞ்ச தூரம் பின்தங்கி நடந்து, ரயில்வே கேட் தாண்டியதும் பக்கவாட்டில் வந்து வண்டியைத் தள்ளக் கை கொடுத்தார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆட்களைப் பெயர் கேட்டு உள்ளே விட்டார். மேகத்தை என்ன செய்வதென்று நோட்டில் எழுதியிருக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது கேட்டுக்கு மேலால் போய்விட்டது. சேர்மக்கனி ஆகப் பெரிய அம்பாரத்தின் அடியைச் சுற்றி முப்பத்துமூன்று தொட்டிகளையும் கைக்கெட்டிய இடைவெளியில் வட்டமாக வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து, வந்த நாளிலிருந்து "போ" என்று மட்டுமே தான் சொல்லியிருந்த அந்த மேகத்தைப் பார்த்து, "இப்பப் பெய்யி" என்றாள்.

அது பெய்தது. தொட்டிகளுக்குப் பெய்ய அம்பாரத்தின் மேலேதான் அது நின்றாக வேண்டியிருந்தது. அத்தனை நாளும் ஜமுக்காளம் அளவில் இருந்தது, கேட்டுப் பெய்யச் சொன்ன சந்தோஷத்திலோ என்னவோ, முற்றத்தின் பாதிக்கு விரிந்து பெய்தது. அம்பாரத்தின் முனை முதலில் மழுங்கியது, பிறகு தோள் இறங்கியது, பிறகு பக்கவாட்டில் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு ஓடியது. பெண்கள் ஒதுங்காமல் நின்று பார்த்தார்கள். தாங்கள் வாரியது கரைவதைப் பார்த்து ஒருத்தி அழுதாள், அழுதுகொண்டே, "கரையட்டும்" என்றாள்.

மேனேஜர் கிரிதரன் குடையோடு ஓடிவந்தார். "எடும்மா! தொட்டிய எடு! நிறுத்தச் சொல்லு அத!"

"நிறுத்த எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா என் செடி செத்திருக்குமா?"

"லாரி அனுப்புறேன். இன்னிக்கே அனுப்புறேன்."

"லாரி வேண்டாம். இன்னிக்கு அனுப்புவிய, நாளைக்கு வெள்ளைக் காக்கா பறந்திச்சுன்னு நிறுத்துவிய. மெயின் ரோட்டு வரைக்கும் குடிதண்ணிப் பைப்பு வந்து நிக்கு. அதக் காலனிக்குள்ள இழுத்துக் குடுங்க. எழுதிக் குடுங்க."

"அது முதலாளி முடிவு பண்ணணும்."

"பண்ணட்டும். நாங்க நிக்கோம்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். அந்த நேரத்தில், வேறு யாருக்கும் தெரியாத ஒன்று சேர்மக்கனிக்குத் தெரிந்தது. அம்பாரத்திலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் தொட்டிகளைச் சுற்றித் தேங்கி, அடியில் அவளே போட்ட ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு தக்காளி நாற்றைத் தடவினாள். இலையின் ஓரம் சுருண்டிருந்தது. அடுத்ததைத் தடவினாள், அதுவும் சுருண்டிருந்தது. இப்போதே தூக்கினால் பாதியாவது பிழைக்கும். பொன்னுலிங்கம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொட்டியைத் தூக்கக் குனிந்தான். "வைய்யி" என்றாள். அவன் வைத்தான். அவள் உப்புத் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்று, சாக விதைக்க மாட்டேன் என்று சொன்ன வாயை இறுக மூடிக்கொண்டு, தன் நாற்றுகள் சாவதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெய்யச் சொன்னது தான் என்பதை அவள் யார்மேலும் போடவில்லை, மேகத்தின்மேலும் போடவில்லை.

முதலாளியின் கார் பதினொன்றரை மணிக்கு வந்தது. அவர் காரிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி, இடுப்பளவுக்கு வந்துவிட்ட அம்பாரத்தையும் அதற்கு அப்பால் காத்துக்கொண்டிருந்த பத்து அம்பாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பெனித் தாளில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, மேனேஜரிடம் கொடுத்து அனுப்பினார். லூர்தம்மாள் அதை மழையில் நனையாமல் முந்தானைக்குள் வைத்து உரக்கப் படித்தாள்.

"இன்னொரு தரம் படி அக்கா" என்றாள் சேர்மக்கனி.

படித்தாள்.

"தேதி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"தேதிய மட்டும் இன்னொரு தரம் படி."

அதையும் படித்த பிறகுதான் அவள் முதல் தொட்டியைத் தூக்கினாள்.

மறுநாள் லாரி வந்தது. ஒரு வாரத்தில் பைப் வந்தது. ஒவ்வொரு பிளாக் முன்னாலும் நான்கு குழாய். யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை, அம்பாரம் திரும்பக் குவிய வேண்டியிருந்தது. முப்பத்துமூன்று தொட்டியில் ஒன்பதுதான் பிழைத்தது: ஐந்து தக்காளி, மூன்று மிளகாய், ஒரு கத்தரி. இருபத்துநான்கு தொட்டியின் மண்ணையும் சேர்மக்கனி காலனிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள், கூட வருகிறேன் என்றவர்களை வர வேண்டாம் என்றாள்.

குழாயில் தண்ணீர் வந்த பிறகு மேகத்தின் பாடு ஒருமாதிரி ஆகிவிட்டது. யாரும் குடத்தோடு வரவில்லை. கல்யாணமும் முடிந்திருந்தது. துணி காய மாட்டேன் என்கிறது, சுவரில் ஓதம் ஏறுகிறது என்று முறையீடுகள் வந்தன. பூசாரியையும் சாமியாரையும் வைத்து மரியாதையாக வழியனுப்பிவிடலாமா என்று தனுஷ்கோடி சேர்மக்கனியிடம் கேட்டார். அவர் பூட்டைப் பற்றி அதுவரை ஒன்றும் பேசியிருக்கவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, ஆனால் கேட்கும்போது நின்றுகொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும் வேணும்போது நான் போகச் சொன்னேன், ஒருத்தரும் விடல" என்றாள் அவள். "இப்ப ஒங்களுக்கு வேண்டாம்னதும் போயிரணுமா? அது என் செடிக்கு வந்தது. அதுக்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பிழைத்த ஒன்பது தொட்டியிலும் உப்பை அலசி எடுக்க ஒரே ஒரு தடவை நன்றாகப் பெய்ய விட்டாள். அடி ஓட்டை வழியாக எல்லாம் வடிந்து போகும்வரை விட்டாள். பிறகு தொட்டிகளை நெருக்கி வைத்து, நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து அவற்றின்மேல் குனிந்துகொண்டாள். மத்தியானம் மேகம் வழக்கம்போலப் பெய்தது. அவள் முதுகில் பெய்தது, தலையில் பெய்தது, அவள் நகரவில்லை. சாயங்காலமும் நகரவில்லை. மறுநாள் காய்ச்சல் அடித்தது, லூர்தம்மாள் சுக்குக் கஷாயத்தோடு மேலே வந்து, "ஏட்டி, மேகத்தோட யாராது பிடிவாதம் பிடிப்பாளா?" என்றாள். "அது பிடிக்குல்லா" என்று சேர்மக்கனி கஷாயத்தைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தாள். பொன்னுலிங்கம் வந்து அவள் தோளில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேகம் கறுத்து இறங்கியது. சேர்மக்கனி ஒரு கையை எடுத்து, எல்லோரும் பார்க்க, ஆட்காட்டி விரலை ஒரு தக்காளித் தொட்டியில் முதல் கணுமட்டும் விட்டு, எடுத்து, ஈரமண் ஒட்டிய அந்த விரலை மேலே தூக்கிக் காட்டினாள். "பாரு. இன்னும் இருக்கு. இதக் குடிச்சு முடிக்கட்டும். நீ ஊத்தினா மூச்சு முட்டும். நானும் ஒன்ன மாதிரித்தான் ஊத்தினேன், எல்லாத்தையும் கொன்னேன்." விரலை அவள் இறக்கவில்லை. "ஒனக்கு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆசை இருந்தா நில்லு."

மேகத்தின் வயிறு நடுங்கியது. இரண்டு துளி விழுந்தது, ஒன்று அவள் நெற்றியில், ஒன்று விரலில். அவ்வளவுதான். பிறகு அது நின்றது.

மறுநாள் மண் ஈரமாகவே இருந்தது, அவள் தலையை ஆட்டினாள், அது நின்றது. அதற்கு மறுநாள் காலை விரல் காய்ந்து வந்தது, தொட்டி கைக்கு லேசாக இருந்தது, "வா, கொஞ்சம்போல" என்றாள். தட்டில் ஒரு விரற்கடை நிரம்பும்படி பெய்து, நிறுத்திக்கொண்டது. ஆடி பிறந்தபோது ஒன்பதும் ஆறாவது இலையில், பென்சில் தண்டியில், வெளிர்ப்பச்சை மாறிக் கரும்பச்சையாக நின்றன. இரண்டு வாரம் கழித்துத் தேரிக்காட்டுத் தோட்டக்காரர்கள் இருவர் பஸ் மாறாமல் வெள்ளளத்துக்கே வந்து நாற்றைக் கையில் தூக்கி வேரைப் பார்த்து, அடுத்த ஈட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் இருநூறு தொட்டி போட்டாள். அளத்துக்குப் போக முடியாமல் கண் மங்கிய பெண்கள் இன்னும் மூன்று பேர், விரலை மண்ணில் விடக் கற்றுக்கொண்டு, அவளோடு மாடியில் உட்கார்ந்தார்கள்.

ஆவணியில் ஒருநாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, கம்பெனி மேனேஜர் கிரிதரன் மாடி ஏறி வந்தார். வீட்டில் மனைவி கேட்டாளாம், நான்கு மிளகாய் நாற்று வேண்டும். வரிசை வரிசையாக நின்ற தொட்டிகளையும் அவற்றின்மேல் கன்னங்கரேலென்று, தளும்பத் தளும்ப, ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் நின்ற மேகத்தையும் அவர் பயத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு கறுத்து நிக்குது. ஏம்மா பெய்யல?"

சேர்மக்கனி அவர் கேட்ட நாற்றுகளில் நல்லதாக நான்கைத் தடவித் தேர்ந்தெடுத்து, ஈர நார்க்கழிவில் வேரைச் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

"நான் இன்னும் சொல்லலியே சார்."